இடுக்கில் அகப்பட்ட எண்ணெய்த் தொட்டி

மோட்டார் எஞ்சினின் அடியில் தொங்கும் எண்ணெய்த் தொட்டிக்கு நம் நாட்டுப் பட்டறைகளில் வழங்கும் பெயர் ‘சேம்பர்’ என்பதாகும். இந்தி வழங்கும் பகுதிகளில் வாழும் நேயர்கள் பட்டறைக்குச் செல்லுங்கால் வேறு இரண்டு சொற்களையும் கேட்கக்கூடும். ஸ்பேனருக்கு அங்கே ‘பானா’ என்று பெயர். திருப்புளிக்குப் ‘பேச்கஸ்’ என்று பெயர். இச்சொற்களை அறிந்திருப்பவர் தம் வண்டிக்கு நேர்ந்த குறையை எளிதில் எடுத்துரைப்பார். ஆயினும், பெயரை அறிவதைவிட அவ்வேலையின் இயல்பை அறிவது அதிகப் பயன் தரும். சேம்பரைக் கழற்றுவது பார்வைக்கு எளிது. இடம் குறுகிய வண்டியில் அதுவே பெருஞ் சிரமமாக முடிவதுண்டு.

முதலில் அத்தொட்டியின் பணி யாது என்று காண்போம். எஞ்சினுக்குள் உராயும் உறுப்புகளையெல்லாம் நனைத்த எண்ணெய் கீழே வடிந்து இத்தொட்டியில் சேர்கிறது. பம்பு ஒன்று அதனைச் சல்லடை வழியே உறிஞ்சி மீண்டும் மேலே அனுப்புகிறது. உயர்ந்த வேகத்தடையோ சாலையில் கிடக்கும் கல்லோ தாக்கினால், எஃகுத் தகட்டால் ஆன தொட்டி நசுங்கும். அலுமினிய வார்ப்பால் ஆனது வெடித்துப் பிளக்கும். பிளவின் வழியே எண்ணெய் ஒழுகிவிடும். நசுங்கல் அத்துணைத் தீங்கற்றது என்று எண்ணுதல் வேண்டா. உள்நோக்கிப் புடைத்த தகடு சல்லடையின் வாயை அடைத்துவிட்டால், தொட்டி நிறைய எண்ணெய் இருந்தும் எஞ்சின் வறண்டு போகும். எண்ணெய் அழுத்தத்தைக் குறிக்கும் சிவப்பு விளக்கு ஓடும்போது எரியுமாயின், பாதுகாப்பான ஓரத்தில் வண்டியை நிறுத்தி எஞ்சினை உடனே அணைத்துவிடுதல் வேண்டும். பட்டறை அருகில்தானே உள்ளது என்று ஓட்டிச் செல்பவர், சேம்பரின் விலையோடு எஞ்சினின் விலையையும் சேர்த்துக் கொடுக்க நேரிடும்.

இனி, கழற்றும் முறை. எதற்கும் முன்னதாக உயிர்க் காப்பு. ஜாக்கி என்பது வண்டியைத் தூக்குவதற்கு உரிய கருவியேயன்றித் தாங்குவதற்கு உரியதன்று. சமதளத்தில் வண்டியை நிறுத்தி, தரையில் நிற்கும் சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்து, சட்டத்தின் வலுவான பாகங்களின் கீழே இரும்புத் தாங்கிகளை வைத்த பின்னரே அடியில் புகுதல் வேண்டும். செங்கல்லை அடுக்கி அதன்மேல் வண்டியை நிறுத்துவது பேராபத்து. செங்கல் முன்னறிவிப்பின்றி நொறுங்கும். பின்னர் பாட்டரி இணைப்பை நீக்கி, எண்ணெய் வெதுவெதுப்பாக இருக்கும்போது வடித்து, அளவுகோலையும் உருவிவிடுதல் வேண்டும்.

ஆணிகளையெல்லாம் கழற்றிய பின்னும் தொட்டி வெளிவராமல் நிற்பதற்கு மூவகைத் தடைகள் உண்டு.

முதலாவது, கீழேயுள்ள தடை. பல கார்களில் எஞ்சினுக்கு அடியில் குறுக்குச் சட்டம் ஒன்று செல்கிறது. முன் அச்சுடைய ஜீப் வகைகளில் அவ்வச்சே குறுக்கே நிற்கிறது. அச்சு தடையாயின், தாங்கிகளை அச்சின் கீழ் வையாது வண்டிச் சட்டத்தின் கீழ் வைத்தால் போதும். அச்சு தன் எடையாலேயே கீழே தொங்கி இடம் தரும். குறுக்குச் சட்டம் தடையாயின், எஞ்சினின் ரப்பர் மவுண்டிங்குகளைக் கழற்றி, மேலிருந்து சங்கிலியால் எஞ்சினைச் சற்றே உயர்த்துதல் வேண்டும். பல வண்டிகளில் 5 செண்டிமீட்டர் அளவு உயர்வே போதுமானது. உயர்த்தும்போது விசிறி ரேடியேட்டரில் மோதுகிறதா, நீர்க்குழாய்கள் இழுபடுகின்றனவா, எஞ்சினின் பின்புறம் தடுப்புச் சுவரில் இடிக்கிறதா என்று ஒவ்வொரு விரற்கடைக்கும் நின்று பார்த்தல் அவசியம். உயர்ந்த எஞ்சினுக்கும் மவுண்டிங்குக்கும் இடையே உறுதியான மரக்கட்டையைச் செருகிய பின்னரே கையை உள்ளே விடலாம்.

இரண்டாவது, பக்கத்திலுள்ள தடை. சைலென்ஸர் குழாய், ஸ்டார்ட்டர் மோட்டார், ஃப்ளைவீலின் அடிமூடி, ஸ்டீயரிங் கம்பிகள் ஆகியவற்றுள் ஒன்றோ பலவோ வழியை மறிக்கும். எவை மறிக்கின்றனவோ அவற்றை மட்டும் நீக்கினால் போதும்.

மூன்றாவது, கண்ணுக்குப் புலப்படாத உள்தடை. தொட்டி சிறிது இறங்கி நின்றுவிடும். எவ்வளவு இழுத்தும் வாராது. கிராங்க் தண்டின் எடைக்கட்டியோ, எண்ணெய் உறிஞ்சும் குழாயோ உள்ளே தொட்டியின் தடுப்புத் தகட்டில் மாட்டிக்கொண்டிருக்கும். நான்கு சிலிண்டர் எஞ்சினாயின், முன்புறக் கப்பியின் ஆணியை ஸ்பேனரால் எஞ்சின் சுழலும் திசையிலேயே திருப்பி, பிஸ்டன்கள் நான்கும் பாதி வழியில் நிற்குமாறு செய்தால் கிராங்க் தண்டு கிடையாக அமைந்து இடம் விடும். உறிஞ்சு குழாய் தடையாயின், இடுக்கு வழியே கைவிட்டு அதன் ஆணிகளைக் கழற்றித் தொட்டிக்குள்ளேயே விழவிட்டு, இரண்டையும் ஒருசேர வெளியே எடுக்கலாம்.

இவ்விடத்தேதான் பலரும் பொறுமை இழந்து கடப்பாரையை நாடுகின்றனர். தொட்டியின் விளிம்பு வளைந்துவிட்டால் எத்தனை பேக்கிங் மாற்றினும் ஒழுக்கு நிற்பதரிது. பதறாத காரியம் சிதறாது என்பது நம்மவர் பழமொழி. இடுக்கில் வேண்டுவது வலிமையன்று. எது தடுக்கிறது என்று கண்டறிந்து அதற்கு வழிவிடும் அறிவே ஆகும்.

மீண்டும் பூட்டுங்கால், வளைந்த விளிம்பை மரப்பலகையின்மேல் வைத்து மெல்லத் தட்டிச் சமன் செய்தல் வேண்டும். இரு பரப்புகளிலும் பழைய பேக்கிங்கின் துணுக்கோ எண்ணெய்ப் பசையோ இருத்தலாகாது. சிலிக்கோன் பசை இடுவதாயின் ஏறத்தாழ 3 மில்லிமீட்டர் பருமனுள்ள ஒரே கோடாக இடுக. மிகுந்த பசை உட்புறம் பிதுங்கி, பின்னர் உதிர்ந்து சல்லடையை அடைக்கும். ஆணிகளை நடுவிலிருந்து தொடங்கி இருபுறமும் மாறி மாறிச் சிறிது சிறிதாக முறுக்குதல் முறை. 6 மில்லிமீட்டர் ஆணிக்கு ஏறத்தாழ 10 நியூட்டன் மீட்டர் முறுக்கே பொதுவாகப் போதும்; தத்தம் வண்டிக்குரிய அளவு அதன் கையேட்டில் காணப்படும். மவுண்டிங்குகளைப் பூட்டி, பசை இறுகுவதற்குரிய நேரம் கழித்து எண்ணெய் வார்த்து, எஞ்சினை ஓட்டி, சிவப்பு விளக்கு அணைகிறதா, விளிம்பு கசிகிறதா என்று பார்த்தல் வேண்டும்.

இறுதியாக, வடித்த பழைய எண்ணெயைப் பற்றி ஒரு சொல். அது நெடுநாள் தோலிற் படுவதால் தோல் நோயும் புற்றும் விளையக்கூடும். ஆகவே கையுறை அணிதல் நலம். சாக்கடையிலோ மண்ணிலோ அதனை ஊற்றுதல் தகாது. 2016ஆம் ஆண்டின் அபாயகரக் கழிவு விதிகள் பழைய எண்ணெயையும் தம்முள் அடக்குகின்றன. மூடிய கலத்திற் சேர்த்து, அதனைப் பெற்றுச் சுத்திகரிப்பதற்குப் பதிவு பெற்றவரிடம் சேர்ப்பிக்கும் பட்டறையிற் கொடுப்பதே முறை.

இவற்றை அறிந்த நேயர், சேம்பர் மாற்றுவதற்கு ஒரு நாள் வேண்டும் என்று பட்டறைக்காரர் கூறும்போது அவரை ஐயுறார். எஞ்சினைத் தூக்க வேண்டுமா, அச்சை இறக்கினால் போதுமா என்று கேட்டறிவார். வண்டியின் அடியில் படுத்து உழைப்பவரை, ‘சீக்கிரம், சீக்கிரம்’ என்று அவசரப்படுத்தவும் மாட்டார்.