சொந்தப் படக் கனவில் எல்லாவற்றையும் இழந்த தூத்துக்குடி பாடகர்... சந்திரபாபுவின் கதை!

நம்ம ஊர் சினிமாவில் 'யோடலிங்' என்றால் முதலில் நினைவுக்கு வரும் பெயர், ஜே.பி.சந்திரபாபு. அடிக்குரலில் பாடிக்கொண்டே சட்டென்று உச்சத்துக்குத் தாவி, உடனே கீழே இறங்கும் பாணி இது. ஆல்ப்ஸ் மலை மேய்ப்பர்களிடம் பிறந்து, அமெரிக்க இசைத்தட்டுகள் வழியே உலகம் சுற்றியது. அதைத் தமிழுக்குக் கொண்டுவந்தவர் முத்துக்குளித்துறையின் பிள்ளை!

1927 ஆகஸ்ட்டில் தூத்துக்குடியில் பிறந்தார். ஊரைக் காக்கும் பனிமய மாதாவின் பெயரால் பனிமயதாஸ் ஆனார். விடுதலைப் போராட்ட வீரரான தந்தை ரோட்ரிக்ஸ் மீது பிரிட்டிஷ் அரசு நடவடிக்கை எடுக்க, குடும்பம் கொழும்புக்குப் போனது. சந்திரபாபு வளர்ந்தது அங்கேதான்.

பாட்டும் நடிப்பும்

சென்னைக்கு வந்தவருக்கு 1947-ல் 'தன அமராவதி' முதல் படம். ஆனாலும், பெயர் கிடைக்கப் பல ஆண்டுகள் அலைந்தார். 1954-ல் வெளியான 'பெண்' படத்தில் இவர் பின்னணி பாடியது யாருக்குத் தெரியுமா? வீணை மேதை எஸ்.பாலசந்தருக்கு! பிறகு 'புதையல்', 'சபாஷ் மீனா', 'சகோதரி', 'அன்னை' என வரிசையாக வெற்றிகள். காமெடியனின் பாட்டுக்காகவே ரசிகர்கள் தியேட்டருக்கு வந்த காலம் அது.

கனவுக்குக் கொடுத்த விலை

பிறர் படத்தில் பாடி, நடித்தது போதும், சொந்தமாகப் படைக்க வேண்டும் என்று நினைத்தார். எம்.ஜி.ஆரை நாயகனாக வைத்து 'மாடி வீட்டு ஏழை' படத்தைத் தொடங்கினார். கையிலிருந்த பணத்தையெல்லாம் போட்டார். படம் பாதியில் நின்றது. கார் மாடிவரை ஏறும்படி ஆசையாகத் திட்டமிட்ட வீடும் கைவிட்டுப் போனது.

அப்போதும் ஓயவில்லை. 1966-ல் 'தட்டுங்கள் திறக்கப்படும்' படத்தை இயக்கி, சாவித்திரிக்கு ஜோடியாக நடித்தார். எதிர்பார்த்த வெற்றி வரவில்லை. 'அடிமைப் பெண்' போன்ற படங்களில் மீண்டும் நடிகராகத் தொடர்ந்தார். குடியும் கடனும் துரத்த, 1974 மார்ச் 8-ம் தேதி 46 வயதில் மறைந்தார்.

சம்பாதித்த பணமும் வீடும் போய்விட்டன. குரல் மட்டும் போகவில்லை. அவர் போய் அரை நூற்றாண்டு ஆன பிறகும், அந்தப் பாடல்கள் செல்போன்களில் ஒலித்துக்கொண்டே இருக்கின்றன.