பையன் அறையில் தின்னர் வாசனை வருதா?

உங்கள் வீட்டுப் பிள்ளை குட்டிக் கார் செய்கிறானா? கடையில் வாங்கி உருட்டி விளையாடும் பொம்மையைச் சொல்லவில்லை. பெட்டிக்குள் துண்டு துண்டாக வரும் பிளாஸ்டிக் பாகங்களை ஒட்டி, பட்டி பார்த்து, வாட்டர் பேப்பர் போட்டு, பெயிண்ட் அடித்து, கண்ணாடி மாதிரி பளபளக்க வைக்கிறார்களே... அந்த 'ஸ்கேல் மாடல்' கார். 1:24 அளவு என்றால் நிஜக் காரின் நீளத்தில் 24-ல் ஒரு பங்கு. நம் பழைய மாருதி 800 அந்த அளவில் சுமார் 14 செ.மீ.தான் வரும்!

நல்ல பொழுதுபோக்கு. கை நடுங்காமல் பிரஷ் பிடிக்கணும், ஒரு பூச்சு காய்கிற வரை பொறுமையாகக் காத்திருக்கணும். பரீட்சை பயத்தில் நகம் கடிக்கிற பிள்ளைக்கு இதைவிட நல்ல மருந்து என்னிடம்கூட இல்லை. "அப்புறம் சித்த வைத்தியருக்கு இதில் என்ன வேலை?" என்கிறீர்களா? இருக்கிறது.

ஒரு தாயார், ப்ளஸ் ஒன் படிக்கும் மகனை அழைத்து வந்தார். "திங்கட்கிழமை ஆனா தலைவலிங்கய்யா. கண் எரியுதுங்கிறான், குமட்டுதுங்கிறான். ஸ்கூலுக்குப் போகாம இருக்க நடிக்கிறான்னு அவங்கப்பா திட்டறார். பித்தத்துக்கு ஏதாவது கஷாயம் குடுங்க" என்றார். நாடி பார்த்தேன். நாடியைவிட நாள்தான் எனக்கு அதிகம் சொன்னது. புதன்கிழமைக்குள் எல்லாம் சரியாகிவிடுகிறதாம்!

"சனி, ஞாயிறுல என்ன தம்பி பண்றே?" என்று கேட்டேன். கார் பெயிண்டிங். எங்கே? படுக்கையறையில். ஜன்னல்? "திறந்தா தூசி ஒட்டிடும் சார். எல்லாத்தையும் சாத்திட்டு ஏ.சி. போட்டுப்பேன்." பெயிண்ட் காய்கிற அதே அறையில்தான் இரவுத் தூக்கமும்! கஷாயம் எழுதவில்லை. மேஜையை பால்கனிக்கு மாற்றச் சொன்னேன். இரண்டு வாரம் கழித்து, தலைவலி வரவே இல்லை என்று அந்தம்மா போன் செய்தார்.

லாக்கர் பெயிண்டிலும் தின்னரிலும் டொலுயின், சைலீன், அசிட்டோன் போன்ற கரைப்பான்கள் இருக்கும். பெயிண்ட் காய்கிறது என்றால் இவை ஆவியாகிக் காற்றில் கலக்கின்றன என்றுதான் அர்த்தம். மூச்சில் போனால் நுரையீரல், ரத்தம், மூளை என்று ஒரே ஓட்டம். மூக்கு வழி எவ்வளவு வேகமான வழி என்பது எங்களுக்குத் தெரியும். சித்த மருத்துவத்தின் 32 புற மருந்துகளில் நசியமும் புகையும் உண்டே! இன்னொரு சங்கடம், கொஞ்ச நேரத்தில் மூக்கு பழகிவிடும். "வாசனை போயிடுச்சும்மா" என்பான் பிள்ளை. வாசனை போகவில்லை. வெளியிலிருந்து உள்ளே வரும் உங்களுக்குத்தான் அது தெரியும். வீட்டு ஸ்ப்ளிட் ஏ.சி.யும் அறைக் காற்றையே சுற்றிச் சுற்றி விடுகிறதே தவிர, ஆவியை வெளியேற்றாது.

தண்ணீரில் கரையும் அக்ரிலிக் பெயிண்டை பிரஷ்ஷால் அடித்தால் தொல்லை குறைவு. ஆனால் லாக்கரின் பளபளப்பு அதில் சுலபமாக வராது. பிள்ளைகள் லாக்கரை விடமாட்டார்கள். சரி, அடிக்கட்டும். மொட்டை மாடியிலோ பால்கனியிலோ, காற்று அதிகம் இல்லாத காலை வேளையில் அடிக்கட்டும். அடித்து முடித்ததும் ஒரு பிளாஸ்டிக் டப்பாவைக் கவிழ்த்து மூடி அங்கேயே விட்டுவிட்டால் தூசியும் ஒட்டாது. மழை நாளில் வேண்டாம். ஈரக் காற்றில் லாக்கர் வெள்ளை பூத்துப் போகும் என்பதால்தான் பிள்ளைகள் அறைக்குள் புகுந்து கதவைச் சாத்துகிறார்கள். அன்றைக்குத் தேய்க்கிற வேலையைப் பார்க்கட்டும். அதையும் தண்ணீர் தொட்டுத் தேய்த்தால் தூள் பறக்காது.

துணி மாஸ்க், ஆஸ்பத்திரி மாஸ்க் எதுவும் இந்த ஆவியைத் தடுக்காது. கரி நிரப்பிய வடிகட்டி உள்ள முகமூடி வேண்டும். ஒரே ஒரு சமாச்சாரத்தில் மட்டும் நான் கறார். ஒர்க்‌ஷாப்பில் ஹார்டனர் கலந்து அடிக்கிற 'டூ-கே' கிளியர் இருக்கிறதே, அது வீட்டுக்குள் வரவே கூடாது. அதிலுள்ள ஐசோசயனேட் ஆஸ்துமாவை உண்டாக்கக்கூடியது. உடம்பு ஒருமுறை அதற்கு ஒவ்வாமை கொண்டுவிட்டால், பிறகு துளி பட்டாலும் இழுப்புதான்.

நிறத்திலும் நஞ்சு உண்டு. அந்தக் காலத்து ஓவியர்களின் மஞ்சளுக்குத் தாளகம், சிவப்புக்கு லிங்கம். முன்னது ஆர்சனிக், பின்னது பாதரசம். இன்றைய கவலை ஈயம். வீட்டு பெயிண்டில் ஈயம் 10 லட்சத்தில் 90 பங்குக்கு மேல் இருக்கக்கூடாது என்ற விதி 2017 நவம்பர் முதல் நம் நாட்டில் நடைமுறைக்கு வந்தது. வண்டிக்கு அடிக்கும் பெயிண்டுகள் அதில் அடங்காது. ஆகவே பரணில் கிடக்கும் பழைய டப்பாவும் வேண்டாம், ஒர்க்‌ஷாப் மிச்சமும் வேண்டாம். பிரஷ் நுனியை உதட்டில் வைத்துக் கூராக்கும் பழக்கத்தை இன்றே நிறுத்தச் சொல்லுங்கள்.

தின்னர் ஆவி காற்றைவிடக் கனமானது. தரையோடு தவழ்ந்து பக்கத்து அறைக்குப் போகும். பூஜையறை விளக்கு, கேஸ் அடுப்பு எதில் பட்டாலும் குப்பென்று பற்றிக்கொள்ளும். மாலை விளக்கேற்றும் நேரத்தில் ஸ்பிரே கேனைத் தொடவே வேண்டாம்.

கையில் ஒட்டிய பெயிண்டைத் தின்னரால் துடைத்தால் தோல் வறண்டு வெடிக்கும். தேங்காய் எண்ணெய் தேய்த்து, பயத்தம் மாவு போட்டுக் கழுவினால் போதும்.

கடையில் தின்னரைச் சில்லறையாகக் குளிர்பான பாட்டிலில் ஊற்றித் தருகிறார்களே, அதை வாங்காதீர்கள். வீட்டில் சின்னக் குழந்தை இருந்தால் தாகத்துக்கு எடுத்துக் குடித்துவிடும். அப்படி ஏதும் நடந்துவிட்டால் உப்புத் தண்ணீர் கொடுத்து வாந்தி எடுக்க வைக்காதீர்கள். வாந்தியோடு வரும் தின்னர் நுரையீரலுக்குள் போய்விடும். எண்ணெய், பால், நாட்டு மருந்து எதுவும் கொடுக்காமல், அந்த பாட்டிலையும் கையோடு எடுத்துக்கொண்டு நேராகப் பெரிய ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள். என்னைத் தேடி வராதீர்கள்.