வளவும் வாசலும்

திருநெல்வேலிக்குப் புதிதாக வருகிறவர்கள் நெல்லையப்பர் கோயிலைத் தரிசித்துவிட்டு, ரத வீதியில் அல்வாவும் வாங்கிக்கொண்டு ரயிலேறிவிடுகிறார்கள். ரத வீதிகளுக்குப் பின்னாலுள்ள தெருக்களில் நுழைந்து ஒரு வளவைப் பார்த்துவிட்டுப் போகிறவர்கள் மிகச் சிலர். எங்கள் ஊரின் கட்டடக் கலை கோயிலில் பாதி என்றால், வளவில் பாதி இருக்கிறது என்பது என் அபிப்பிராயம்.

வளவு என்றால் என்னவென்று அயல் ஜில்லா நேயர்கள் கேட்கலாம். தெருவிலிருந்து பார்த்தால் ஒரே ஒரு வாசல்தான் தெரியும். அந்த நடையைக் கடந்து உள்ளே போனால் நீண்டதொரு முற்றம். அதன் இரு புறமும் ஒன்றையொன்று பார்த்தபடி வீடுகள். ஆறு குடித்தனமும் இருக்கும், பத்துக் குடித்தனமும் இருக்கும். கிணறு எல்லாருக்கும் ஒன்று. துணி உலர்த்தும் கொடியும், வற்றல் காயும் வெயிலும்கூடப் பொதுதான்.

நான் வளர்ந்ததும் அப்படிப்பட்ட ஒரு வளவில்தான். காலையில் கிணற்றடியில் வாளிக்குக் காத்து நிற்கும் நேரத்திலேயே, எந்த வீட்டில் யாருக்குக் காய்ச்சல், எந்த வீட்டில் பெண் பார்க்க வருகிறார்கள் என்பதெல்லாம் தெரிந்துவிடும். தெரிந்த மாத்திரத்தில் ஒரு வீட்டிலிருந்து கஞ்சி போகும். இன்னொரு வீட்டிலிருந்து நாற்காலிகள் போகும். சண்டைக்கும் குறைவில்லை. ஆனால் நேற்றுச் சண்டையிட்டுப் பேச்சை நிறுத்திக்கொண்ட இரண்டு ஆச்சிகளும் இன்று அதே கிணற்றடிக்கு வந்துதானே ஆகவேண்டும்? ஜலம் இல்லாமல் கோபம் எத்தனை நாள் நிற்கும்!

இதன் சூட்சுமம் என்ன? தெருவிலிருந்து நடை, நடையிலிருந்து முற்றம், முற்றத்திலிருந்து தார்சா, தார்சாவிலிருந்து பட்டாசல், அப்பால் அடுக்களை என்று அந்தரங்கம் படிப்படியாகக் கூடிக்கொண்டு போகிறது. பால்காரர் முற்றத்தோடு நிற்பார். எதிர்வீட்டு அத்தை தார்சாவில் உட்காருவாள். நெருங்கினவர்கள் அடுக்களை வரையில் வருவார்கள். ஒவ்வொருவருக்கும் நின்று பேச ஓர் இடம் உண்டு. இன்றைய அடுக்குமாடிக் கட்டடங்களிலோ, லிப்டை விட்டு இறங்கினால் சாத்திய கதவுதான். நடுவே நின்று பேச இடம் ஏது?

வளவின் பெருமையைப் பேசுகிறவர்கள், நான் உள்பட, பின்பக்கத்து முடுக்கைப் பற்றிப் பேசுவதில்லை. எடுப்புக் கக்கூஸ்கள் இருந்த காலத்தில் அவற்றைச் சுத்தம் செய்யும் தொழிலாளி அந்த முடுக்கு வழியாகவே வந்து, அந்த முடுக்கு வழியாகவே திரும்ப வேண்டும். முன்வாசல் அவருக்குக் கிடையாது. அந்தத் தொழிலைத் தடை செய்து 1993-இலும் மீண்டும் 2013-இலும் சட்டம் இயற்ற வேண்டியிருந்தது. கிணறு எல்லாருக்கும் பொது என்று மேலே எழுதினேனே, அந்த 'எல்லாரும்' பெரும்பாலும் ஒரே ஜாதியார். வாசல் ஒன்றே ஒன்றாக இருந்ததில் அதற்கும் சௌகரியம் இருந்தது.

அந்த வாசலைத் திறந்துவிட்டால் என்ன ஆகும் என்பதைத் தாமிரபரணிக் கரையிலேயே ஒருவர் பரீட்சை செய்து பார்த்தார். தேசபக்தர் வ. வே. ஸு. ஐயர் 1922-இல் தொடங்கிய தமிழ்க் குருகுலம் சேரன்மாதேவியில் நடந்தது. பல ஜாதிப் பிள்ளைகளும் ஒன்றாக வசித்து, ஒன்றாகப் படித்து, ஒன்றாக உழைக்க வேண்டும் என்பது லட்சியம். தமிழ்நாடு காங்கிரஸ் 5,000 ரூபாய் கொடுத்து உதவியது. ஆனால் இரண்டு பிராமணப் பிள்ளைகளுக்கு மட்டும் பெற்றோர் விருப்பப்படி தனிச் சாப்பாடு. டாக்டர் வரதராஜுலு நாயுடுவும் பெரியார் ஈ. வெ. ராமசாமியும் இதை எதிர்த்தார்கள். விவகாரம் மகாத்மா காந்தி வரையில் சென்றது. 1925 ஜூன் 3-ந் தேதி, பாபநாசத்து அருவியில் மகளைக் காப்பாற்றப் போய் ஐயர் உயிர் துறந்தார். அவ்வளவு பெரிய மனிதரின் அவ்வளவு பெரிய கனவு, தனியாகப் போட்ட இரண்டு இலைகளில் சிக்கிக்கொண்டது.

தென் ஜில்லாக்களில் 1990-களில் ஜாதிக் கலவரங்கள் மூண்ட பிறகு, மு. கருணாநிதியின் அரசாங்கம் 1997-இல் சமத்துவபுரத் திட்டத்தைக் கொண்டுவந்தது. முதல் சமத்துவபுரம் 1998-இல் மதுரை ஜில்லா மேலக்கோட்டையில் திறக்கப்பட்டது. ஊருக்கு 100 வீடுகள். ஆதிதிராவிடருக்கு 40, பிற்படுத்தப்பட்டோருக்கு 25, மிகவும் பிற்படுத்தப்பட்டோருக்கு 25, ஏனையோருக்கு 10. எல்லாருக்கும் ஒரே மாதிரி வீடு. கூடுவதற்குச் சமுதாயக் கூடம்.

இந்த ஏற்பாடு எங்கள் வளவைக் காட்டிலும் எவ்வளவோ மேல் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. என் குறை வேறு. கூடத்துக்குக் கலியாணத்தன்று போகலாம், கூட்டத்தன்று போகலாம். தினந்தோறும் போக என்ன காரியம் இருக்கிறது? வளவுக்காரர்கள் உறவாட வேண்டுமென்று சங்கல்பம் செய்துகொண்டு கிணற்றடிக்குப் போகவில்லை. குடம் நிரப்பப் போனார்கள்.

ஆகையால் இனிமேல் வீடு கட்டும் எஞ்சினீயர்களுக்கு ஒரு விண்ணப்பம். பத்து வீட்டுக்கு ஒரு முற்றம் விடுங்கள். அதில் வெயில் விழட்டும். தண்ணீர்த் தொட்டி இருக்கட்டும். கிழவர்கள் உட்கார ஒரு தார்சா இறக்குங்கள். முற்றத்தைச் சுற்றி யார் யாருக்கு எந்த வீடு என்பதைச் சீட்டுக் குலுக்கித் தீர்மானியுங்கள். பின்பக்கம் முடுக்கு வேண்டாம். துவைக்கிற கல் மட்டும் இரண்டாகப் போட்டுவிடுங்கள். ஒன்றே ஒன்று இருந்தால் என்ன நடக்கும் என்பதை வளவில் வளர்ந்த யாரைக் கேட்டாலும் சொல்வார்கள்.