பால்மானி சொல்லும் பாதிக் கணக்கு

திருவனந்தபுரத்திலிருந்து நாகர்கோவில் செல்லும் சாலையில் நெய்யாற்றின்கரை, அமரவிளை, பாறசாலை என்று ஒவ்வொன்றாகக் கடந்து போனால் இஞ்சிவிளையோடு கேரளம் முடிந்து, களியக்காவிளையில் தமிழ்நாடு தொடங்கிவிடும். 1956 நவம்பர் 1-ஆம் தேதி விளவங்கோடு, கல்குளம், அகஸ்தீஸ்வரம், தோவாளை ஆகிய நான்கு தாலுகாக்களும் தாய்த் தமிழகத்தோடு இணைந்தபோது, நெய்யாற்றின்கரைத் தாலுகா கேரளத்தோடு நின்றுவிட்டது. கோடு விழுந்ததே தவிர உறவு அறுந்துவிடவில்லை. இங்குள்ள பல வீடுகளில் தமிழும் மலையாளமும் ஒரே வாக்கியத்துக்குள் கலந்து புழங்குவதை இன்றும் கேட்கலாம்.

இந்தக் கோட்டைத் தாண்டும் பொருள்களில் பாலும் ஒன்று. ஓணம் நெருங்கினால் தமிழ்நாட்டிலிருந்து டேங்கர் லாரிகளில் பால் கேரளத்துக்கு வருவது கூடும். அதைச் சோதித்து அனுப்புவதற்காகவே கேரள பால்வளத் துறை பாறசாலை, ஆரியங்காவு, மீனாட்சிபுரம் போன்ற எல்லை ஊர்களில் சாவடி வைத்திருக்கிறது. டேங்கரில் வந்தாலும் சரி, தூக்குவாளியில் வந்தாலும் சரி, பாலின் யோக்கியதையை ஒரு கருவிதான் முடிவு செய்கிறது. திரவத்தின் நிலையையும் அழுத்தத்தையும் அளக்கும் கருவிகளை வடிவமைக்கும் வேலையில் பல ஆண்டுகள் இருந்தவன் நான். அந்தக் கருவி எதைப் பார்க்கிறது, எதைப் பார்க்காமல் விட்டுவிடுகிறது என்பதைக் கொஞ்சம் விளக்கலாம் என்று தோன்றுகிறது.

கருவி வருவதற்கு முன்னும் பதம் பார்த்துக்கொண்டுதான் இருந்தோம். எங்கள் பக்கத்தில் பதநீரை அக்கானி என்போம். அக்கானியைக் காய்ச்சும் பெண்கள், பாகு கருப்புக்கட்டிப் பதத்துக்கு வந்ததா என்று அறிய ஒரு சொட்டைத் தண்ணீரில் விட்டு, விரலால் உருட்டிப் பார்ப்பார்கள். கண், விரல், அனுபவம் மூன்றும் சேர்ந்த சென்சார் அது! ஆனால் விற்பவருக்கும் வாங்குபவருக்கும் நடுவில் பணம் வந்துவிட்டால் விரலை யார் நம்புவார்கள்? அங்கேதான் எண் தேவைப்படுகிறது.

பாலுக்கு அந்த எண்ணைத் தருவது லாக்டோமீட்டர் என்கிற பால்மானி. அடியில் கனமும் மேலே மெல்லிய தண்டும் உள்ள கண்ணாடி மிதவை. அடர்த்தியான திரவத்தில் உயர்ந்து மிதக்கும், நீர்த்த திரவத்தில் ஆழ்ந்து அமிழும். தண்ணீரின் அடர்த்தியை 1.000 என்று கொண்டால் நல்ல பசும்பால் ஏறத்தாழ 1.028 முதல் 1.032 வரை இருக்கும். கடைசி இரண்டு இலக்கங்களைத்தான் 28 டிகிரி, 32 டிகிரி என்கிறோம். பத்துப் பங்குப் பாலில் ஒரு பங்கு தண்ணீர் கலந்தால் சுமார் மூன்று டிகிரி இறங்கிவிடும். நம்மவர்கள் எங்கே போனாலும் விடாமல் தேடும் 'டிகிரி காபி'க்கு அந்தப் பெயர் வந்ததே இந்த டிகிரியால்தான் என்று சொல்வாருண்டு. வேறு விளக்கங்களும் உண்டு. காபி நன்றாக இருந்தால் எனக்கு எதுவும் சம்மதமே.

ஆனால் மிதவைக்குத் தெரிந்தது அடர்த்தி ஒன்றுதான். அடர்த்தியோ வெப்பத்துக்கு ஏற்ப மாறும். நம் நாட்டுப் பால்மானிகளில் பெரும்பாலும் 27 டிகிரி செல்சியஸுக்குத்தான் கோடு போட்டிருப்பார்கள். அதற்கு மேல் ஒவ்வொரு டிகிரி செல்சியஸுக்கும் 0.2 கூட்டிக்கொள்ள வேண்டும் என்பது விதி.

பாறசாலைப் பக்கம் எங்கள் மயினி இரண்டு பசு வைத்திருந்தார். ஒருநாள் காலையில் கறந்த சூட்டோடு பாலைக் கொண்டுபோய் ஊற்றியிருக்கிறார். பால் சங்கத்தில் மிதவையை விட்டுப் பார்த்தவர், "அக்கா, டிகிரி கொறவா இருக்கே, வெள்ளம் சேந்து போச்சா?" என்று நாலு பேர் முன்னால் கேட்டுவிட்டார். "பசுவுக்க மடியில இருந்து நேரா கொண்டு வாறேன், இதுல எங்க இருந்து வெள்ளம் சேரும்?" என்று மயினி திருப்பிக் கேட்டும் பலனில்லை. குறைந்த விலைதான் கிடைத்தது. காசு போனதைவிட அந்தக் கேள்விதான் அவருக்குப் பல நாள் உறுத்தியது.

கணக்கைப் பாருங்கள். கறந்த பால் சுமார் 35 டிகிரி செல்சியஸில் இருக்கும். மிதவை 27 காட்டினால், எட்டு டிகிரி வெப்ப வித்தியாசத்துக்கு 1.6 கூட்டி 28.6 என்று எழுத வேண்டும். சங்கங்களில் புழங்கும் வாய்பாடுகளில் ஒன்றின்படி, கொழுப்பு 4 சதவீதமானால், கூட்டாமல் விட்ட பாலுக்குக் கொழுப்பல்லாத திடப்பொருள் 7.9 சதவீதம் என்றும், கூட்டி எழுதிய பாலுக்கு 8.3 சதவீதம் என்றும் வரும். பசும்பாலுக்கு உணவுப் பாதுகாப்பு விதி கேட்கும் குறைந்த அளவே 8.3 தான். அதாவது ஒரு தெர்மாமீட்டரை எடுக்காத குற்றத்துக்கு நல்ல பால் தண்ணிப் பாலாகிவிட்டது!

மயினி தெர்மாமீட்டர் தேடிப் போகவில்லை. வாளியைத் தொட்டித் தண்ணீரில் சற்று நேரம் வைத்து, ஆறிய பிறகு கொண்டுபோனால் டிகிரி ஏறுகிறது என்று அவரே கண்டுபிடித்துக்கொண்டார். சூடு தணிவது ஒரு காரணம். கறக்கும்போது கலந்த காற்றுக்குமிழிகள் வெளியேறுவதும், கொழுப்பு மெல்ல இறுகுவதும் மற்றவை. கறந்த பால் நேரம் செல்லச் செல்லச் சற்று அடர்த்தி கூடுவதை 19-ஆம் நூற்றாண்டில் ரெக்நாகல் என்ற ஜெர்மானியர் எழுதி வைத்ததால், அது அவர் பெயராலேயே வழங்குகிறது.

பால்மானிக்கு இதைவிடப் பெரிய பலவீனம் ஒன்றுண்டு. கொழுப்பு தண்ணீரைவிட லேசானது. ஆகவே பாலிலிருந்து ஆடையை எடுத்துவிட்டால் டிகிரி ஏறும். அப்புறம் தண்ணீர் ஊற்றினால் இறங்கும். இரண்டையும் அளவாகச் செய்தால் மிதவை பழைய இடத்திலேயே நிற்கும்! மாறக்கூடியவை இரண்டு, அளப்பதோ ஒன்று. ஒரு சமன்பாட்டை வைத்துக்கொண்டு இரண்டு விடைகளைக் கண்டுபிடிக்க முடியாது என்பதைப் பள்ளிக்கூடத்திலேயே படித்திருக்கிறோம். கந்தக அமிலம் ஊற்றிச் சுழற்றிக் கொழுப்பைத் தனியே பிரித்து அளக்கும் கெர்பர் சோதனை அதனால்தான் பால்மானிக்குத் துணையாக வந்தது.

அமிலம் இல்லாமல், ஒரு நிமிடம் அளவில் வேலையை முடிப்பது இப்போதுள்ள ஒலி அலைக் கருவி. பல்கேரியாவிலிருந்து வந்த இவ்வகைக் கருவிகள் பல நாடுகளின் பால் சங்கங்களில் இடம் பிடித்தன. நமக்குக் கேட்காத உயர்ந்த ஒலியைச் சிறிதளவு பாலின் ஊடே செலுத்தி, அது கடக்கும் வேகத்தை அளக்கிறார்கள். இதன் வடிவமைப்பில் என்னைக் கவர்ந்தது ஒரு தந்திரம். நீரில் வெப்பம் ஏறினால் ஒலியின் வேகம் கூடும். கொழுப்பிலோ வெப்பம் ஏற ஏற வேகம் குறையும். ஆகவே ஒரே பாலை இரண்டு வெவ்வேறு வெப்பநிலைகளில் அளந்தால் இரண்டு சமன்பாடுகள் கிடைத்துவிடுகின்றன. பால்மானியைக் குழப்பிய அதே வெப்பத்தை இங்கே வேலைக்காரனாக அமர்த்திக்கொண்டார்கள்!

இதற்கும் எல்லை உண்டு. சர்க்கரையோ யூரியாவோ போட்டுத் திடப்பொருளைக் கூட்டினால் இதுவும் ஏமாறலாம். பாலின் மின்கடத்தும் திறனையும் சேர்த்து அளந்தால் உப்பும் மடிநோயும் ஓரளவு பிடிபடும். சர்க்கரை மின்சாரத்தைக் கடத்தாது. அதற்கு ரசாயனச் சோதனைதான் வழி. அன்றாடம் கழுவாவிட்டால் உட்சுவரில் பால் உப்பு படிந்து, கருவி சொல்வதெல்லாம் மெல்லத் தடம் மாறும். வாங்கும்போது இருக்கும் அக்கறை கழுவும்போது இருப்பதில்லை என்பது என் அனுபவம்.

சேர்ந்த பாலை 4 டிகிரிக்குக் குளிர்விக்கும் தொட்டியில் அழுத்தச் சென்சாருக்கு வேலை வருகிறது. குளிரூட்டும் வாயு கசிந்தால் அழுத்தம் விழும். வெப்பத்தை வெளியேற்றும் பகுதியில் தூசி அடைத்தால் அழுத்தம் எகிறும். இரண்டில் எது நடந்தாலும் இயந்திரத்தை நிறுத்திவிட வேண்டும். அழுத்தச் சென்சாரின் உயிர் ஒரு மெல்லிய சவ்வுத் தகடு. அழுத்தத்தில் அது துளி வளையும். அதோடு இணைந்த சிலிக்கான் துண்டுகளின் மின்தடை மாறும். இந்தக் குணத்தை 1954-ல் அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் சார்லஸ் ஸ்மித் கண்டறிந்தார். ஆனால் சிலிக்கானும் அழுத்தத்தோடு வெப்பத்தையும் சேர்த்தே உணர்ந்துவிடும். ஆகவே நான்கு மின்தடைகளைப் பாலமாகக் கட்டி, வெப்பத்தின் பங்கைக் கழிக்க வேண்டியிருக்கிறது. மயினியின் வாளியில் பார்த்த அதே தலைவலி! பால் நேராகப் படும் குழாய்களில் இன்னொரு கவலை: சவ்வுக்குப் பின்னால் எண்ணெய் நிரப்பியிருப்பார்கள். சவ்வு கிழிந்தால் அது பாலில் கலக்கும் என்பதால், உண்டாலும் தீங்கில்லாத எண்ணெயாகத் தேர்ந்தெடுக்கிறார்கள். இதே மாவட்டத்து வலியமலையில் ராக்கெட்டின் திரவ எந்திரங்களை உருவாக்கும் இஸ்ரோ மையம் இருக்கிறது. அதன் பெங்களூர்க் கிளை ராக்கெட்டுகளுக்கான சென்சார்களைச் செய்கிறது. அங்கேயும் அழுத்தத்தோடு வெப்பத்தைச் சேர்த்துத்தான் கணக்கிட்டாக வேண்டும்.

அளவு சரியாக இருந்தாலும் நேரம் தவறினால் என்ன ஆகும் என்பதை 2023 ஜனவரியில் ஆரியங்காவில் பார்த்தோம். தமிழ்நாட்டிலிருந்து வந்த டேங்கரில் இருந்த 15,300 லிட்டர் பாலில் ஹைட்ரஜன் பெராக்சைடு இருப்பதாகச் சாவடியில் பால்வளத் துறை சோதித்துச் சொன்னது. பின்னர் உணவுப் பாதுகாப்புத் துறையின் சோதனையில் அது தென்படவில்லை. பெராக்சைடு பாலில் தானாகவே நீராகவும் ஆக்சிஜனாகவும் பிரிந்து மறையக் கூடியது. எந்தத் துறை சொன்னது சரி என்று தீர்ப்புச் சொல்ல நான் வரவில்லை. ஆனால் இப்படிப்பட்ட பொருளுக்கு, மாதிரி எடுத்த மணியும் சோதித்த மணியும் இல்லாத அறிக்கை எனக்கு அரைகுறையாகவே தெரிகிறது.

நம் வாசகர்களில் பலருடைய பெற்றோர் ஊரில் இன்னும் மாடு வைத்திருக்கக் கூடும். விடுமுறைக்குப் போகும்போது பால் சங்கம் தரும் ரசீதை வாங்கிப் பாருங்கள். கொழுப்பு, கொழுப்பல்லாத திடப்பொருள், லிட்டர், விலை ஆகியவை இருக்கும். மிதவை வைத்து அளக்கும் இடமானால் பாலின் வெப்பநிலை என்ன, அதற்காக எவ்வளவு கூட்டினார்கள் என்று கேளுங்கள். கருவி வைத்து அளக்கும் இடமானால் அதைக் கடைசியாகக் கெர்பர் சோதனையோடு ஒப்பிட்டுச் சரிபார்த்த தேதியைக் கேளுங்கள். உங்கள் முன்னிலையில் அதே பாலை இரண்டாம் முறை அளக்கச் சொல்லவும் தயங்க வேண்டாம். அதற்கு இன்னும் ஒரு நிமிடம்தான் ஆகும்.