கல்லாய்ச் சமைந்த அகல் விளக்கு

பந்தல்குடிச் சுண்ணாம்புக் கல்லை உடைத்துப் பாருங்கள், சகோதரிகளே. பளபளவென்று மின்னும், ஆனால் ஒரு சிப்பிகூட அகப்படாது. பூமிக்குள் வெந்து உருமாறிய கல் அது! அரியலூர்க் கல்லோ வேகாதது. அங்கே கடல் இருந்த காலத்துச் சிப்பிகள் அப்படியே கிடைக்கின்றன. அவற்றில் சிலவற்றை ஸ்டாலிஸ்கா என்ற புவியியல் அறிஞர் 1872-ல் வர்ணித்து, 'டெரிபிராட்டுலா' என்ற, பூண்டற்றுப் போன பேரினத்தில் சேர்த்தார்.

பார்வைக்கு மட்டிதான்; உறவோ கிடையாது. மட்டியின் ஓடுகள் இடம் வலமாக மூடும். இதற்கு மேலோடு, கீழோடு, ஒன்று பெரிசு. அதன் மூக்கில் துளை. அதன் வழியே காம்பு நீட்டிப் பாறையைப் பற்றும். அசல் அகல் விளக்கு!

உள்ளே இரை திரட்டும் மயிர்க் கரங்களைத் தாங்க ஒரு சுண்ணாம்பு வளையம் உண்டு. அதைப் பார்த்தால்தான் பேரினம் நிச்சயமாகும். வாய் மூடிக் கல்லாகிவிட்டதே, எப்படிப் பார்ப்பது? சந்தனக்கட்டை மாதிரி சிறிது சிறிதாக உரைத்து, உரைக்க உரைக்கப் படம் வரைகிறார்கள். பெயர் தெரியும்போது சிப்பி இராது.