கீசர் லைனுக்கு வெள்ளை பைப் போடலாமா? பிளாஸ்டிக் குழாய் எதைத் தாங்கும், எதைத் தாங்காது?

புது வீடு கட்டும்போது டைல்ஸுக்காகப் பத்து கடை ஏறி இறங்குவோம். சுவருக்குள்ள போகப்போற பைப்பை மட்டும் "நீங்களே பார்த்துப் போட்டுடுங்கண்ணே" என்று பிளம்பரிடம் விட்டுவிடுவோம். ஆனா அந்த பைப் உள்ளே வெடித்தால், பார்த்துப் பார்த்து ஒட்டிய டைல்ஸையும் சேர்த்துத்தான் உடைக்கணும்.

முன்பெல்லாம் வீடுகளில் ஜிஐ பைப், அதாவது துத்தநாகம் பூசிய இரும்புக் குழாய்தான். வருஷம் போகப் போக உள்ளே துரு ஏறும். உப்புத் தண்ணி ஊர்களில் படிவும் சேர்ந்து, தண்ணீர் நூல் மாதிரி வரும். பிவிசி ஜெயித்தது இங்கேதான். துரு கிடையாது, உட்புறம் வழுவழுப்பு, ஒரே அளவு இரும்பை எடுத்தால் அதில் ஐந்தில் ஒரு பங்கு எடைகூட இல்லை. த்ரெட் போட வேண்டாம், பசை தடவிச் செருகினால் போதும்.

சூடு பட்டால் என்ன ஆகும்?

பிவிசி என்பது நீளமான சங்கிலி போன்ற மூலக்கூறுகளின் பின்னல். சூடு ஏற ஏற அந்தச் சங்கிலிகள் ஒன்றின்மேல் ஒன்று நழுவத் தொடங்கும். 80 டிகிரி செல்சியஸை நெருங்கினால் குழாய் இளகிவிடும். பலம் அதற்கு ரொம்ப முன்னாடியே குறைய ஆரம்பிச்சிடும். 23 டிகிரியில் அது தாங்கும் அழுத்தத்தை 100 என்று வைத்துக்கொண்டால், 43 டிகிரியில் ஏறக்குறைய 50தான். 60 டிகிரியில் 22! சித்திரை வெயிலில் மொட்டை மாடி பைப்பைத் தொட்டுப் பார்த்தவங்களுக்கு 43 ஒன்றும் பெரிய நம்பர் இல்லை என்று தெரியும்.

அதனால் கீசர் லைனுக்கு சாதா வெள்ளை பைப் கூடவே கூடாது. அதற்குத்தான் சிபிவிசி. பிவிசியிலேயே குளோரினை அதிகமாக ஏற்றியது. 82 டிகிரி வரை சுடுதண்ணீருக்குப் போடலாம். பெரும்பாலும் இளமஞ்சள் நிறத்தில் இருக்கும், ஆனா நிறத்தை நம்பாதீங்க. பைப் மேல் ஐஎஸ் 15778 என்று அச்சாகியிருக்கா பாருங்க. இன்னொண்ணு, கீசருக்குள் போகும் பச்சைத்தண்ணி லைனிலும் சூடு பின்னால் ஏறும். அந்தப் பக்கமும் சிபிவிசிதான் நல்லது. பசையும் சிபிவிசிக்கென்று தனியாக விற்பதையே கேட்டு வாங்கணும்.

மாடியில் போன பைப் ஏன் வளையுது?

வெப்பத்தில் பிவிசி இரும்பைவிட ஐந்து மடங்குக்கு மேல் நீளும். 10 மீட்டர் குழாய் 30 டிகிரி கூடுதல் சூட்டில் சுமார் 2 சென்டிமீட்டர் நீளும். இரண்டு முனையையும் இறுக்கிப் பூட்டியிருந்தால், அது வளையாமல் வேறென்ன செய்யும்? கிளாம்ப் தூரம் தூரமாக இருந்தால் தண்ணீர் எடையிலேயே மெல்லத் தொங்கும். அப்படித் தொங்கியது தானாக நிமிராது.

வெயிலின் புற ஊதாக் கதிர் வேறு இருக்கு. அது தாக்குவது மேல்பரப்பைத்தான். குழாய் நிறம் மாறும், தண்ணீரும் வழக்கம்போல் வரும். ஆனால் மொறுமொறுப்பாகி, ஏணி ஒரு இடி இடித்தால் உடையும். வெளியே தெரியும் பைப்புக்கு வெளிர் நிறத்தில் தண்ணீர் கலந்து அடிக்கும் பெயின்ட் அடிச்சா போதும். தின்னர் கலக்கும் பெயின்ட் வேண்டாம், அது பிளாஸ்டிக்கையே அரிக்கலாம்.

சோலார் ஹீட்டர் வைத்திருப்பவர்களுக்கு சிபிவிசி கூட எல்லா இடத்துக்கும் சரிவராது. கோடையில் சில நாள் பயன்படுத்தாமல் விட்டால் தண்ணீர் கொதிநிலையை நெருங்கிடும். டேங்கை ஒட்டிய பகுதிக்கு உலோகக் குழாய்தான் சரி.