செவ்வந்தி மலர இருளும் வேண்டும்

தோட்ட வீடுகளின் அஞ்சடியில் பூந்தொட்டி வைத்து வளர்ப்போர் பலர். அவற்றுள் செவ்வந்தி செழித்துத் தழைத்தும் மொட்டு விடாதிருப்பதுண்டு. உரம் போதவில்லை என எண்ணி மேலும் உரமிடுமுன், இரவில் அச்செடியின் மீது விளக்கொளி படுகிறதா என நாம் பார்த்தல் வேண்டும்.

செவ்வந்தி 'குறும்பகல் தாவரம்' எனப்படும் வகையைச் சேர்ந்தது. தொடர்ச்சியான நீண்ட இருள் கிடைத்தால்தான் அது மொட்டு விடும். இலைகளிலுள்ள ஒருவகை நிறமி ஒளியையும் இருளையும் உணர்ந்தறிகிறது. நள்ளிரவில் சில மணி நேரம் விளக்கு எரிந்தால், நீண்ட ஓர் இரவு குறுகிய இரண்டு இரவுகளாகவே செடிக்குத் தோன்றும். பகலின் நீளத்துக்கும் பூப்பதற்கும் உள்ள தொடர்பை அமெரிக்க அறிஞர்களான கார்னரும் அல்லார்டும் 1920ஆம் ஆண்டில் விளக்கினர்.

நம் நாட்டில் ஆண்டு முழுவதும் பகல் ஏறத்தாழ 12 மணி நேரமே. செவ்வந்தி மொட்டு விட இது ஏற்றதே. ஆயினும், இளஞ்செடி உயருமுன்பே மொட்டு விட்டால் தண்டு குட்டையாகி மலர் நல்ல விலை போகாது. ஆதலின் கேமரன் மலை விவசாயிகள், நட்ட முதற்சில வாரங்களுக்கு இரவில் விளக்கெரித்துப் பூப்பதைத் தள்ளிப் போடுகின்றனர். தண்டு உயர்ந்தபின் விளக்கை நிறுத்திவிடுகின்றனர். அதன்பின் சுமார் 8 முதல் 10 வாரங்களில் மலர் கிடைக்கிறது.

அவர்கள் வேண்டுமென்றே செய்வதை நம் அஞ்சடி விளக்கு நாமறியாமலே செய்துவிடலாம். எனவே, பகலில் நல்ல வெயிலும் இரவில் முழு இருளும் உள்ள இடத்துக்குத் தொட்டியை மாற்றுவோம். ரோஜாவுக்கு இக்கணக்குப் பொருந்தாது. செவ்வந்திக்கோ உரத்தைப் போன்றே இருளும் இன்றியமையாதது.